ஆட்டு மடியின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கங்களில் பாலுக்காக மலபாரி ஆடு வளர்க்கும் நாம், மடிநோயைப் பெரும்பாலும் மடி வீங்கிய பிறகே கவனிக்கிறோம். ஆனால் வெளியே எதுவும் தெரியாமலே அந்நோய் பல நாள் உள்ளிருந்து பாலைக் குறைத்துவிடும்.

ஆட்டு மடியின் இரு பாதிகளும் உள்ளே தனித்தனியானவை; ஒன்றின் பால் மற்றொன்றில் கலப்பதில்லை. ஆகவே ஒரு பக்கத்துக்கு மறுபக்கமே அளவுகோல். கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய தனித்தனிக் கிண்ணங்களில் விட்டு, திரியோ நீர்த்த தன்மையோ இரத்தச் சாயலோ உள்ளதா என்று பாருங்கள். கறந்து முடித்தபின் இரு பக்கங்களையும் கையால் தடவி, சூடும் கட்டியும் ஒருபுறம் மட்டும் உண்டா என்று அறியுங்கள்.

கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை (பாலில் ஒரு கரைசலைக் கலந்து, அது எவ்வளவு கொழகொழக்கிறது என்பதைக் கொண்டு பாலிலுள்ள செல்களின் அளவை அறிவது) செய்வோர், பசுவுக்குரிய கணக்கை ஆட்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆட்டுப்பால் சுரக்கும்போதே செல் துணுக்குகள் இயல்பாக அதில் கலப்பதாலும், கறவைக் காலம் முடியும் தறுவாயில் செல்களின் எண்ணிக்கை மேலும் கூடுவதாலும், நல்ல ஆட்டின் பாலும் இச்சோதனையில் லேசாகக் கொழகொழக்கலாம். இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் பதற வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகத் திரண்டால் அந்தப் பாலைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையற்ற ஊசிகள் பல இந்த ஒப்பீட்டால் தவிர்க்கப்படும் என்பது என் உறுதியான கருத்து.

நோயுள்ள ஆட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கறந்தவுடன் காம்புத் துளை மூடியிருக்காது; எனவே காம்புகளை அதற்குரிய அயோடின் கரைசலில் நனைத்து, அரை மணி நேரம் படுக்காமல் நிற்கும்படி தழை போடுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பட்டி சேறாகும் நாட்களில் இதை ஒருவேளைகூட விடக் கூடாது. மடி குளிர்ந்து நீலம் பாய்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. அந்த நேரமே மருத்துவரை அழையுங்கள்.

மருந்து கொடுத்த ஆட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள்வரை, வீட்டுக்கும் வைக்காமல் விற்கவும் செய்யாமல் கொட்டிவிடுங்கள். எத்தனை நாள் என்று ஆட்டுக்கெனத் தனியாகக் கேளுங்கள். மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பது பசுவுக்கான கணக்காக இருக்கலாம்.