ஸ்டீல்ஹெட் பிடிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் ஹோ, சோல் டக், போகஷீல், குவீட்ஸ் என்று பெயர்பெற்ற ஸ்டீல்ஹெட் ஆறுகள் பல உண்டு. ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரவுட் மீன். அப்படித் திரும்பிவரும் மீன்களின் வரத்து பல பத்தாண்டுகளாகச் சுருங்கிவருகிறது. அதனால் விதிகள் பருவத்தின் நடுவிலேயே மாறுகின்றன.

அச்சிட்ட விதிப்புத்தகத்தை மட்டும் நம்பிக் கிளம்புவதுதான் முதல் தவறு. மாநில மீன்வளத் துறையின் அவசர விதி வந்துவிட்டால் புத்தகத்தில் இருப்பது செல்லாது. 2022-இல் மார்ச் 1 முதல் கடலோர ஆறுகளை ஒட்டுமொத்தமாக மூடினார்கள். ஓர் ஆற்றை மட்டும் மூடினால் கூட்டம் அப்படியே பக்கத்து ஆற்றுக்குப் போய்விடும். சியாட்டிலிலிருந்து இந்த ஆறுகளுக்குப் பக்கத்து ஊரான ஃபோர்க்ஸுக்கு மூன்றரை மணி நேரப் பயணம். கிளம்பும் நாள் காலையில் துறையின் இணையதளத்தைப் பாருங்கள். ஆற்றின் ஒரு பகுதி தேசியப் பூங்காவுக்குள் ஓடினால், அங்கே பூங்காவின் விதி தனி. அதையும் பார்க்க வேண்டும்.

பண்ணை மீனையும் காட்டு மீனையும் குழப்பிக்கொள்வது அடுத்தது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே விரல்நுனி அளவில் ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். பண்ணைக் குஞ்சுகளுக்கு அதை வெட்டித்தான் ஆற்றில் விடுகிறார்கள். துடுப்பு இல்லை என்பது மட்டும் போதாது. வெட்டிய இடம் ஆறித் தழும்பாகியிருக்க வேண்டும். துடுப்பு முழுதாக இருந்தால் அது காட்டு மீன், விட்டுவிட வேண்டியதுதான். பண்ணை மீன் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் ஏறும். பிப்ரவரிக்குப் பிறகு பெரிதும் காட்டு மீன்தான். பருவத்தின் பின்பாதியில் கெடுபிடி ஏறுவது அதனால்தான்.

“பிடித்து விட்டுவிடுகிறோமே, என்ன நஷ்டம்?” என்பார்கள். நஷ்டம் உண்டு. இரை கோத்த முள்ளை மீன் விழுங்கிவிடும். செவுளில் முள் ஏறினால் ரத்தம் கொட்டிச் சாகும். 2020 டிசம்பரில் இந்த ஆறுகளில் இரைக்குத் தடை வந்ததற்கு இது ஒரு காரணம். படகிலிருந்து தூண்டில் போடுவதும் அப்போதே தடையானது: படகில் போகலாம், ஆனால் இறங்கி நின்றுதான் வீச வேண்டும். கால்நடையாக எட்ட முடியாத மடுக்கள் மீனுக்கு மிஞ்சும். ஒரே மீன் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை மாட்டுவதும் உண்டு என்பதால் இந்த விதியை நான் வரவேற்கிறேன்.

தூண்டில் முள் எளிதில் கழலாதபடி அதன் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் பின்முள்ளைக் குறடால் அரைகுறையாக நசுக்குவது பலர் செய்வது. நசுக்கிய முள்ளைச் சட்டைத் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் இன்னும் நசுங்கவில்லை. மெல்லிய தூண்டில் நரம்பு போட்டு, மாட்டிய மீனை நெடுநேரம் இழுத்துப் போராடவிடுவதும் கூடாது, களைத்த மீன் விட்டபின்னும் தேறாது. முடிச்சில்லாத ரப்பர் வலையில் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். விட வேண்டிய மீனைப் படத்துக்காக முழுதாக வெளியே தூக்குவது வாஷிங்டனில் சட்டப்படியே குற்றம்.

கோடையில் ஸ்டீல்ஹெட் ஏறிவரும் ஆறுகளில் வெப்பமானி இல்லாமல் இறங்காதீர்கள். தண்ணீர் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்லது. சூடேறிய நீரில் பிராணவாயு குறைவு. 2021-இல் ஓரிகனில் வட அம்ப்குவா ஆற்றை ஆகஸ்ட் முதல் நவம்பர் கடைசி வரை மூட நேர்ந்ததும் குறைந்த வரத்தும் சூடான நீரும் சேர்ந்து வந்ததால்தான்.

வசந்தத்தில் ஆற்றில் நடக்கும்போது கால் வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். பாசி படிந்த சரளைக்கு நடுவே வெளுத்த நீள்வட்டம் தெரிந்தால் அது முட்டைக் குழி. குழியைத் தாண்டுவதாக நினைத்துக் கீழ்ப்பக்க மேட்டில் மிதிப்பார்கள். முட்டைகள் இருப்பதே அந்த மேட்டுக்கு அடியில்தான்.

பிடித்து வைத்துக்கொண்ட மீனைக் குறிக்கும் பிடிப்பு அட்டையை வீட்டிலேயே போட்டுவைப்பதும் தவறு. ஒரு மீனும் கிடைக்காவிட்டாலும் ஏப்ரல் 30-க்குள் திருப்பித் தர வேண்டும். எத்தனை மீன் பிடிபட்டது என்று துறை கணக்கிடுவது அந்த அட்டைகளை வைத்துத்தான்.