தாவீதின் அபிஷேகம்: வாசிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

தீர்க்கதரிசி சாமுவேல் தைலத்தை ஊற்றி அபிஷேகம் பண்ணியதும் தாவீது ராஜாவாகிவிட்டார் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1 சாமுவேல் 16இல் நடப்பது ஊரறிந்த முடிசூட்டு விழா அல்ல; அப்போதைய ராஜா சவுல் கேள்விப்பட்டால் கொன்றுபோடுவார் என்று சாமுவேலே பயந்துகொண்டுதான் பெத்லகேமுக்குப் போனார். அதற்குப் பிறகு தாவீது அரண்மனையில் சுரமண்டலம் வாசித்தார், அப்புறம் சவுலிடமிருந்து உயிர் தப்ப வனாந்தரத்துக்கு ஓடினார். சவுல் இறந்த பின் யூதா கோத்திரத்து மனிதர் எப்ரோனில் அவரை அபிஷேகம் பண்ணினார்கள். இஸ்ரவேலின் மூப்பர்கள் அங்கே வந்து உடன்படிக்கை செய்தது அதற்கும் பிறகு. தேவன் தெரிந்தெடுத்தாலும் ஜனங்கள் ஏற்றுக்கொள்வதும் தேவைப்பட்டது. அந்தப் பாதியை நாம் சட்டென்று தாண்டிவிடுகிறோம்.

'கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்' என்ற வசனத்தை, தாவீது குற்றமற்றவர் என்பதற்குச் சான்றாகக் காட்டுவதும் சரியல்ல. அது தாவீதின் மூத்த அண்ணன் எலியாபின் உயரத்தைப் பார்த்து மயங்கிய சாமுவேலுக்குச் சொன்னது. உயரமான சவுலை நம்பி ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தாயிற்று. தாவீதும் அழகானவர் என்று அதே அதிகாரம் சொல்கிறது. பின்னாளில் பத்சேபாளின் கணவன் உரியாவைக் கொல்ல வைத்தவரும் அவர்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, சங்கீதம் 105:15ஐத் தலைவர்களுக்குக் கேடயமாக்குவது. 'நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதேயுங்கள்' என்று சொல்லி, ஊழியரைக் கேள்வி கேட்பவர்களின் வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்தச் சங்கீதத்தில் 12ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, தேசம் தேசமாக அலைந்த முற்பிதாக்களைப் பற்றிய பேச்சு அது. கடிந்துகொள்ளப்படுகிறவர்களோ ராஜாக்கள்! பலமில்லாதவர்களைக் காக்க வந்த வார்த்தையைப் பலமுள்ளவர்கள் கையில் கொடுப்பது அநியாயம்.

என்கேதி குகையில் தாவீது, தன்னைத் துரத்திவந்த சவுல்மேல் கை வைக்கவில்லை, உண்மைதான். ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, சவுல் செய்வது அநியாயம் என்று அவரிடமே உரக்கச் சொன்னார். பிறகு தாவீது ராஜாவாக இருந்தபோது, தீர்க்கதரிசி நாத்தான் உரியாவின் கொலைக்காக அவர் முகத்துக்கு நேரே 'நீயே அந்த மனுஷன்' என்றார். யாரும் நாத்தானைத் தடுக்கவில்லை.

தெரிந்தெடுக்கப்பட்டவர் செய்வதெல்லாம் தேவசித்தம் என்றும் எண்ணக் கூடாது. தீர்க்கதரிசி எலிசா அனுப்பிய ஆள்தான் யெகூவை இஸ்ரவேலின் ராஜாவாக அபிஷேகம் பண்ணினான், ஆகாப் ராஜாவின் குடும்பத்தை அழிக்கவும் கட்டளை கொடுத்தான். இருந்தும், யெஸ்ரயேலில் அப்படிச் சிந்திய இரத்தத்துக்காக யெகூவின் வம்சம் விசாரிக்கப்படும் என்று ஓசியாவின் முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது.