பிரஷர் மாத்திரை போடுகிறீர்கள், சரி. எண் இறங்கியதா?

நான் செவிலியர். பிரஷர் இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கு சிஸ்டர், மாத்திரை போட்டுக்கிறேன்" என்று பலரும் நிம்மதியாகச் சொல்வார்கள். கடைசியாகப் பார்த்தபோது எவ்வளவு இருந்தது என்று கேட்டால் பதில் வராது.

உலகக் கணக்கிலும் இதே ஓட்டைதான். 30 முதல் 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 1990இல் சுமார் 65 கோடி, 2019இல் 128 கோடி. இவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மருந்து எடுப்பவர்கள் பாதிக்கும் குறைவு. எண் கட்டுக்குள் இருப்பது ஐந்தில் ஒருவருக்குத்தான். அதாவது மருந்து எடுப்பவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அழுத்தம் இறங்கவில்லை.

தெரியாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. சும்மாவாவது வருடம் ஒருமுறை பாருங்கள்.

ஏற்கெனவே தெரிந்தவர்கள் வீட்டில் மேற்கையில் பட்டை கட்டும் மெஷின் வைத்துக்கொள்வது நல்லது. பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை மேசைமேல், இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்ற வேண்டாம். அப்புறம், பேசக் கூடாது! என்னிடம் வருபவர்கள் மெஷின் ஓடும்போதுதான் பேரன் கதையைத் தொடங்குவார்கள், எண் ஏறிவிடும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் பார்த்து, ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் 135/85, மருத்துவமனையில் 140/90. இதைத் தொட்டாலே உயர்வுதான். உங்களுக்கான இலக்கு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் கேட்டு அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நோட்டை மருத்துவரிடம் காட்டி, "இலக்குக்கு வந்துவிட்டதா? இல்லையென்றால் என்ன மாற்றலாம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பலருக்கு ஒரே மருந்து போதாது. இரண்டாவது சேர்ப்பது சாதாரணம், நோய் முற்றிவிட்டதாகப் பயப்பட வேண்டாம். விட்டுப்போன மாத்திரைகளை மறைக்காதீர்கள். தெரியாவிட்டால் மருத்துவர் மருந்தின் அளவைத்தான் கூட்டுவார். மூட்டுவலிக்கு எடுக்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும் அழுத்தத்தை ஏற்றும், அதையும் சொல்லுங்கள். உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். எண் இறங்கும்வரை மாதம் ஒருமுறை, இறங்கிய பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். எண் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தினால் திரும்ப ஏறிவிடும்.

180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமர்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் மறுபடி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். எதுவும் இல்லையென்றாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். கூடுதல் மாத்திரையை நீங்களாக விழுங்க வேண்டாம்.