மலை ஏரியில் உறைந்த ரெகுலேட்டர்: சரிசெய்த விதம்

3,000 மீட்டர் உயர ஏரியில் ஸ்கூபா டைவிங், தண்ணீர் 4 டிகிரி. 12 மீட்டர் ஆழத்தில் ரெகுலேட்டரிலிருந்து (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) காற்று நிற்காமல் கொட்ட ஆரம்பித்தது. வாய்ப்பகுதியை லேசாகப் பிடித்து, வழியும் காற்றை உறிஞ்சியபடி துணையின் மாற்று ரெகுலேட்டருக்கு மாறினேன். அவர் என் சிலிண்டர் வால்வை மூடினார். நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏறினோம்.

பழுது ரெகுலேட்டரின் முதல் நிலையில், அதாவது சிலிண்டரோடு இணையும் பகுதியில். சிலிண்டரின் 200 பார் காற்று அங்கே சுமார் 10 பாருக்கு இறங்கும்போது கடுமையாகக் குளிர்கிறது. என்னுடையது திறந்த பிஸ்டன் வகை: ஸ்பிரிங்கைச் சுற்றி நிற்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி, வால்வை முழுசாக மூடவிடாது. அழுத்தம் ஏறி, இரண்டாம் நிலை, அதாவது வாய்ப்பகுதி, காற்றைக் கொட்டும்.

தண்ணீர் புகாத டயாபிரம் (சவ்வு) வகைக்கு மாறினேன். இடைநிலை அழுத்தத்தை (முதல் நிலையிலிருந்து வெளிவரும் காற்றின் அழுத்தம்) தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் கீழ்முனையில் வைக்கச் சொல்லி பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். நிரப்பும் காற்று ஈரமில்லாமல் இருக்க வேண்டும். இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. கரையில் நின்று 'வேலை செய்யுதா' என்று பர்ஜ் பட்டனை (காற்றை நேராக வெளியே விடும் பட்டன்) அமுக்குவது மகா தவறு. முதல் மூச்சே தண்ணீருக்கடியில்தான். மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்டுக்குக் காற்றைச் சின்னச் சின்னதாக, மூச்சை இழுக்காத நேரத்தில் விடணும்.

இன்னொன்று: அங்கே காற்றழுத்தம் சுமார் 0.7 பார்தான். 18 மீட்டர் இறங்கினால் டைவ் அட்டவணையில் (எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்வது) 26 மீட்டராகக் கணக்கிடுங்கள்.