கோஹிமாவில் போர்க் கல்லறையும் மலைப் பள்ளத்தாக்கும்: பயணத்தைத் திட்டமிடும் முறை

நாகாலாந்தின் தலைநகரான கோஹிமா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுகட்டின் மீது நீண்டு கிடக்கும் சிறு நகரம். இங்கே பார்க்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. ஆனால் அவற்றைப் பார்க்கக் கிடைக்கும் வெளிச்சம் அதைவிடக் குறைவு. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால், கிழக்கு எல்லையோரத்தில் இருக்கும் இந்த ஊரில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலை பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று இருப்பவர் பாதி நாளை இழந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களாக இருக்கும் ஊர் என்பதால் அன்று கடைகள் அடைத்திருக்கும், வண்டி கிடைப்பதும் அரிது.

நாகாலாந்துக்குள் நுழைய, வெளிமாநிலத்து இந்தியர்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் தேவை. 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த இந்த அனுமதியை இப்போது இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். அச்செடுத்த பிரதி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. விமானமோ ரயிலோ திமாப்பூர் வரைதான். அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மலைச்சாலையை ஷேர் டாக்ஸியில் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்படக்கூடும் என்பதால், திரும்பும் நாளில் விமான நேரத்தை ஒட்டிப் புறப்படாமல் தாராளமாக நேரம் விட்டுக் கிளம்புங்கள்.

முதல் நாள் காலையைப் போர்க் கல்லறைக்கே ஒதுக்கிவிடலாம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் நடந்த சண்டையின் மையமான காரிசன் குன்றின் சரிவிலேயே இது அமைந்திருக்கிறது. கீழ்ப்பகுதியில், ஊர் திரும்புவோரிடம் தங்களைப் பற்றிச் சொல்லும்படி இறந்தவர்கள் கேட்பதாக அமைந்த புகழ்பெற்ற வாசகம் பொறித்த நினைவுக்கல் நிற்கிறது. பலர் அதைப் படம் எடுத்துக்கொண்டு அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அது போதாது, படிப்படியாக வெட்டப்பட்ட தளங்கள் வழியே மேலே ஏற வேண்டும். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தில், அதன் எல்லைக்கோடுகளை வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். அதன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்து பாருங்கள்: இரு படைகளும் வாரக்கணக்கில் எறிகுண்டு வீசும் தூரத்தில் எதிரெதிரே பதுங்கியிருந்தன என்பது, எந்த வரைபடத்தையும்விட அந்தச் சில அடிகளில் விளங்கிவிடும்.

இங்குள்ள கல்லறைகள் 1,420. பெரும்பாலானவற்றின் மீது பெயர், படைப்பிரிவு, வயது பொறித்த சிறு வெண்கலத் தகடு இருக்கிறது. சிலவற்றில் குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரியும் உண்டு. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ஜான் ஹார்மன், ஜான் ராண்டில் இருவரும் இங்கேதான் புதைக்கப்பட்டார்கள். உச்சிவரை ஏறினால், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் நினைவுச்சின்னத்தைக் காணலாம். நம் நாட்டுப் பயணிகள் அதைப் பார்க்காமல் இறங்குவது சரியல்ல என்பது என் கருத்து. அங்கே நின்று சுற்றிலும் பார்த்தால், திமாப்பூரிலிருந்து இம்பாலுக்குப் போகும் சாலை இந்த முகட்டைத் தாண்டித்தான் செல்கிறது என்பதும், அந்தச் சாலைக்காக ஏன் இத்தனை பேர் செத்தார்கள் என்பதும் புரியும். மாநில அருங்காட்சியகத்தையும், ஆரதுரா குன்றின் பேராலயத்தையும் அன்று பிற்பகலில் பார்த்து முடித்துவிடலாம்.

அடுத்த நாளுக்கு ஏற்றது, இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோனோமா. 1879இல் ஆங்கிலேயரை எதிர்த்துக் கடுமையாகப் போரிட்ட, நாகா இனங்களில் ஒன்றான அங்காமி மக்களின் கிராமம் இது. வேட்டையையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த மக்கள், 1998இல் தாங்களாகவே வேட்டையைத் தடைசெய்து காட்டைக் காப்பிடமாக்கினார்கள். வயல்களின் நடுவே மொட்டையாக வெட்டப்பட்டு, முடிச்சு முடிச்சாகப் புடைத்த தலையிலிருந்து புதுக்கிளைகள் கிளம்பும் ஆல்டர் மரங்களைக் கவனியுங்கள். அவற்றின் வேர்கள் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்ப்பதால் மரத்தை வேரோடு எடுக்காமல் கிளையை மட்டும் வெட்டிக்கொள்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். வீட்டு முற்றங்களையும் முதியவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மலையேற விரும்புவோர் ஜூக்கூப் பள்ளத்தாக்குக்குத் தனியாக இரண்டு நாள் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 2,450 மீட்டர் உயரத்தில், மணிப்பூர் எல்லையில் இருக்கும் இதற்கு விஸ்வேமா, ஜகாமா ஆகிய இரு கிராமங்களிலிருந்தும் பாதை உண்டு. ஜகாமா வழி செங்குத்தானது. முதன்முறை போகிறவர்களுக்கு விஸ்வேமாவே நல்லது. ஜூக்கூ லில்லி பூப்பது ஜூன், ஜூலை மாதங்களில். பூவைப் பார்க்க வேண்டுமென்றால் மழையையும் அட்டைப்பூச்சிகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும். குளிர்காலத்தில் வானம் தெளிந்திருக்கும், ஆனால் இரவில் உறைபனி விழும். அங்குள்ள எளிய தங்குமிடத்தில் படுக்க இடம் கிடைக்கும் என்றாலும், சொந்தமாகத் தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) கொண்டு போவதே நிம்மதி. காய்ந்த மூங்கில் புதர் எளிதில் பற்றிக்கொள்ளும். 2020 டிசம்பர் இறுதியில் மூண்ட தீ பல நாள் எரிந்தது. ஆகவே திறந்த வெளியில் அடுப்பு மூட்டக் கூடாது.

டிசம்பர் 1 முதல் 10 வரை, கோஹிமாவுக்கு அருகிலுள்ள கிசாமாவில், நாகா இனத்தவரின் பண்பாட்டு விழாவான ஹார்ன்பில் விழா நடக்கும். அந்த நாட்களில் அறை கிடைப்பதும் டாக்ஸி கிடைப்பதும் கடினம் என்பதால், விழாவுக்காகவே வருபவர்கள் மாதக்கணக்கில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். கல்லறையையும் கோனோமாவையும் அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ வந்து போவது உத்தமம்.