பழைய ராணுவ ஜீப்: நான் செய்து கெட்டவை

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். ஏதோ எஸ்டேட் ஷெட்டில் இருபது வருடமாக நின்ற ஜீப்பை வாங்கியிருக்கிறார். போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே, "அண்ணா, பெட்ரோல் இன்ஜினை எடைக்குப் போட்டுட்டு டீசல் ஏத்திடலாம்னு மெக்கானிக் சொல்றாரு. உங்களுக்குத் தெரிஞ்சு மேட்டடார் வேன் இன்ஜின் எங்கயாவது இருக்கா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. 1997-ல் இதே கேள்வியை இதே உற்சாகத்தோடு நானும் ஊரெல்லாம் கேட்டு அலைந்தவன்.

ஆயில் பாருங்கள், ஆர்.சி.யில் பெயர் சரியா பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஜீப் வாங்கும் அளவுக்கு வந்தவருக்கு அது தெரியும். மஹிந்திரா ஜீப்பைக் காட்டி உலகப்போர் வண்டி என்று விற்பவர்களைப் பற்றியும் ஒரு வரிதான்: கிரில்லில் துளைகளை எண்ணுங்கள். போர்க்காலத் தகட்டு கிரில்லில் ஒன்பது, பின்னால் வந்த சிவில் ஜீப்பில் ஏழு. கிரில்லையே மாற்றி வைத்திருந்தால் கீழே குனிந்து சேசிஸைப் பார்க்க வேண்டும்.

இன்ஜினைத் தூக்கிப் போடுவது

என்னுடையது ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ., அதாவது உலகப்போருக்காக ஃபோர்டு செய்த ஜீப். ஜீப் என்றாலே வில்லிஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அமெரிக்க ராணுவத்துக்கு வேண்டிய எண்ணிக்கையை வில்லிஸ் கம்பெனி ஒருவராலேயே செய்து தர முடியவில்லை. அதே வரைபடத்தைக் கொடுத்து ஃபோர்டையும் செய்யச் சொன்னார்கள். 1941 முதல் 1945 வரை இருவருமாக ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் இங்கே மிச்சமிருந்தவை டிஸ்போசல் ஏலத்தில் போய், எஸ்டேட்டுகளிலும் கான்ட்ராக்டர்களிடமும் உழைத்தன. அப்படி மலையிலிருந்து இறங்கிய ஒன்றுதான் எனக்கு வந்தது.

2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். வால்வுகள் தலையில் இல்லாமல் பிளாக்கிலேயே பக்கவாட்டில் நிற்கும் பழைய பாணி. என் கைக்கு வரும்போது இறுகிப்போய்க் கிடந்தது. சரிசெய்தாலும் லிட்டருக்கு ஏழு எட்டு கிலோமீட்டர்தான் தரும் என்றார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் அன்று எல்லோரும் டீசல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் மாற்றினேன். பழைய இன்ஜினை இரும்புக் கடைத் தராசில் ஏற்றி, ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்டது வரை ஞாபகம் இருக்கிறது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. டீசல் இன்ஜின் கனம். முன் ஸ்பிரிங் பட்டைகள் உட்கார்ந்துவிட்டன. இந்த ஜீப்பின் ஆக்ஸில் பல் விகிதம் 4.88. அதாவது ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. வேகமாகச் சுற்றும் சின்ன பெட்ரோல் இன்ஜினுக்காகப் போட்ட கணக்கு அது. நிதானமாகச் சுற்ற வேண்டிய டீசலை அதில் மாட்டினால் ஐம்பத்தைந்திலேயே கதறும். இரண்டு வருடத்தில், இன்ஜினைத் தாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் விரிசல் விட்டது.

அதைவிடக் கொடுமை, டீசல் இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி இடிக்கிறது என்று ரேடியேட்டருக்குக் கீழே இருந்த குறுக்குச் சட்டத்தை மெக்கானிக் கேஸ் கட்டரால் அரிந்துவிட்டார். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லிஸ் என்றால் அந்த இடத்தில் உருண்டைக் குழாய் இருக்கும். ஃபோர்டு என்றால் 'ப'வைக் கவிழ்த்து வைத்த மாதிரி மடித்த தகடு. வண்டி யாருடையது என்று தூரத்திலிருந்தே சொல்லும் அடையாளம் அது. அதைத்தான் அரிந்து ஓரமாகப் போட்டோம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பருக்கு நேராகவும் இன்ஜின் நம்பருக்கு நேராகவும் ஒரே எண் எழுதியிருந்தது. ஜி.பி.டபிள்யூ. என்று தொடங்கி ஆறு இலக்கம். கிளார்க் தூக்கக் கலக்கத்தில் ஒன்றையே இரண்டு இடத்தில் எழுதிவிட்டார் என்று சிரித்தேன். நண்பர்களிடம் சொல்லியும் சிரித்தேன். வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது: ஃபோர்டு தன் ஜீப்புகளில் இன்ஜின் நம்பரையே சேசிஸிலும் அடித்து அனுப்பியது. ராணுவப் பட்டறைகளில் இன்ஜின்களை மாற்றி மாற்றிப் பூட்டியதில் பெரும்பாலான ஜோடிகள் பிரிந்துவிட்டன. என் வண்டியில் ஐம்பது வருடத்துக்கு மேல் பிரியாமல் இருந்திருக்கிறது. நான் பிரித்தேன்.

இதில் பண நஷ்டமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். தினசரி ஓட்டத்துக்கு அல்ல என்றாலும், வண்டிக்கு அது ஒரு கௌரவம். டீசல் ஜீப்பை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நான் எப்படி நிற்பது?

திருப்பூர் தம்பியிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இறுகிய இன்ஜின் செத்த இன்ஜின் அல்ல. பிளக்குகளைக் கழற்றி, துளைகள் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் துருப்பிடித்து மாட்டிய வால்வு கண்ணுக்கே தெரியும். மஹிந்திராவின் பழைய பெட்ரோல் ஜீப் இன்ஜினும் இதே வம்சம்தான், சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் ஒன்றே. அதனால் ரிங், பேரிங் தேடினால் கிடைக்கும். என்ன ஆனாலும் டீசல்தான் என்றால், பழைய இன்ஜினைச் சாக்கில் சுற்றி வீட்டு மூலையில் வையுங்கள். தராசில் மட்டும் ஏற்றாதீர்கள்.

அந்த ஆறு இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் பழைய இரும்புக் கடையைப் பார்த்தால் இறங்கிவிடுவேன். இந்நேரம் அது உருகிக் கம்பியாகி யாரோ ஒருவர் வீட்டு கான்கிரீட்டுக்குள் இருக்கும். தெரியாமல் இல்லை. இருந்தாலும் இறங்குவேன்.

ராணுவப் பச்சை அடிப்பது

வாங்கியதும் எல்லோருக்கும் வரும் ஆசை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதியைப் படியுங்கள்: பாதுகாப்புத் துறை வண்டி தவிர எதற்கும் ஆலிவ் கிரீன் கூடாது. ராணுவ ஜீப்புக்கு ராணுவ நிறம் அடிக்க முடியாதா என்றால், முடியாது. நம்பர் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி போடுவதும் வேண்டாம்.

பெயின்ட் அடிக்கும் முன் இன்னொன்று. எடுத்த எடுப்பில் மணல் அடித்து வெறும் தகடாக்கிவிடாதீர்கள். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் ஒரு ஓரமாக மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். என் வண்டியின் பானெட் பக்கத்தில் எஸ்டேட்டின் சிவப்பு, அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே பச்சை, அந்தப் பச்சையில் வெள்ளையாக ஒரு எண்ணின் கால்பாகம் வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன். உள்ளங்கையளவு அந்த இடத்துக்கு வார்னிஷ் பூசி அப்படியே விட்டிருக்கிறேன்.

போல்ட்டுகளை மாற்றுவது

ஃபோர்டு தன் போல்ட்டின் தலையில்கூட 'எஃப்' என்று அடித்திருக்கும். துருவேறிய போல்ட்டைக் குப்பையில் போடும் முன் துடைத்துப் பாருங்கள்.

6 வோல்ட்டுக்கு மெல்லிய ஒயர்

செல்ஃப் இழுக்கவில்லை, பேட்டரி சரியில்லை என்று மூன்று பேட்டரி மாற்றியவரைத் தெரியும். குற்றவாளி கேபிள். இந்த ஜீப்புக்கு 12 இல்லை, 6 வோல்ட்தான். அதே வேலையைப் பாதி வோல்ட்டில் செய்ய இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். கார்க் கடையில் தரும் 12 வோல்ட் கேபிள் அதற்குத் தாங்காது. சூடாகும், செல்ஃப் முனகும். விரல் மொத்தத்துக்குக் கேபிள் போடுங்கள், எர்த் பிடிக்கும் இடத்தைப் பளபளவென்று சுரண்டுங்கள்.

தார் ரோட்டில் ஃபோர் வீல்

போடாதீர்கள்.

சக்கர நட்டுகள்

இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். ஆள் ஏறி மிதித்து ஸ்டட்டை முறித்துவிட்டு, "ரொம்ப டைட்டா இருக்குண்ணா" என்பார்கள்.

இன்னொன்று சிரிக்கிற விஷயம் இல்லை. போர்க்கால ரிம் இரண்டு துண்டு. நடுவில் இருப்பவை சக்கரத்தைக் கழற்றும் நட்டுகள். வெளியே இன்னொரு வட்டமாக இருப்பவை அந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிப்பவை. காற்றோடு வெளி வட்டத்தைக் கழற்றினால் ரிம் வெடித்து ஆளையே அடித்துவிடும். வால்வு ஊசியை எடுத்து, காற்று முழுக்க இறங்கியபின்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பஞ்சர் கடைப் பையனுக்கு இது தெரிந்திருக்காது. கூடவே நில்லுங்கள்.

கதை கட்டுவது

விற்பவர் எல்லோரும் இது பர்மா போன வண்டி, 1965 பாகிஸ்தான் சண்டையில் பீரங்கி ஏற்றிய வண்டி என்பார்கள். பஞ்சாபில் கேம் கரண் பக்கம் அசல் உத்தரில் ராணுவ வீரர் அப்துல் ஹமீது ஜீப்பில் பூட்டிய 106 மில்லிமீட்டர் துப்பாக்கியால் பாட்டன் டாங்குகளை அடித்து உயிரைக் கொடுத்தது உண்மை. அதற்காக ஊரில் உள்ள ஜீப்பெல்லாம் அங்கே போய் வந்ததாகிவிடாது. டாஷ்போர்டுப் பெட்டியின் கதவில் விவரத் தகடு இருந்தால், டெலிவரி தேதி அதில் இருக்கும். அதைச் சொல்லுங்கள். மிச்சம் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். நானே சில வருடம் என் வண்டியை இம்பாலுக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

அந்தக் கதையை ஒரு கல்யாண மண்டப வாசலில் அளந்துகொண்டிருந்தபோது, எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வந்து நின்றார். ராணுவத்தில் டிரைவராக இருந்தவராம். நான் சொன்னதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. நேராக வந்து டிரைவர் சீட்டைத் தூக்கினார், கீழே இருந்த பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுக்கு மேலதான் தம்பி வருசக்கணக்கா உக்காந்திருந்தேன். அதான் கடைசி வரைக்கும் பீடி பழகல" என்று சொல்லி, மூடியை இறுக்கித் திருகிவிட்டுப் பந்திக்குப் போனார்.