அரசுப் பேருந்து மோதிக் காயமா? இழப்பீடு கேட்பது இப்படித்தான்

“கவர்மென்ட்டு பஸ்ஸை எதிர்த்து கேஸ் போட்டு ஜெயிக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுபவர்கள் நிறைய. முடியும். தமிழ்நாட்டில் தினம் நடக்கிற வழக்குதான் இது.

முதலில் சிகிச்சை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, “சாலை விபத்து, பேருந்து மோதியது” என்று விபத்துப் பதிவேட்டில் எழுத வைப்பதுதான் முதல் ஆதாரம். வலியில் “கீழே விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டால், பின்னால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். கூட இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து காவல் நிலையம். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணில் ‘என்’ (N) வரிசை இருந்தால் போக்குவரத்துக் கழகம், ‘ஜி’ (G) இருந்தால் அரசுத் துறை வண்டி. கழகப் பேருந்துகளுக்குப் பொதுவாகக் காப்பீடு இருக்காது. சட்டமே அந்த விலக்கைத் தருகிறது. அதனால் இழப்பீட்டு மனுவில் எதிர்மனுதாரர் கழகத்தின் நிர்வாக இயக்குநர். விழுப்புரமா, கும்பகோணமா, எந்தக் கோட்டம் என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் காகிதங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து ரசீதுகள், எக்ஸ்ரே, ஆட்டோ செலவு, சம்பளச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி மனு போட வேண்டும். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2019 திருத்தம் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதக் கெடு வைத்திருக்கிறது; அது 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. “அந்தக் கெடுவை எதிர்த்து கேஸ் நிலுவையில் இருக்கு, பரவாயில்லை” என்று யாராவது சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. உதவி எண் 15100. மருத்துவமனை வாசலிலேயே வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் மட்டும் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

தொகை எவ்வளவு? நிரந்தர ஊனம் இருந்தால்தான் கணக்கு பெரிதாகும். உதாரணமாக, 38 வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் தையல்காரர். ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 15. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்றால் 15,000 × 12 × 15 × 20% = 5,40,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, வேதனை, உடனிருந்தவர் செலவு தனி. டாக்டர் எழுதும் ஊன சதவீதமும் சம்பாத்திய இழப்பும் ஒன்றல்ல. விரல் மடங்காத தையல்காரருக்கு இழப்பு அதைவிட அதிகம். அதைச் சாட்சியத்தில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வழக்கு இழுத்தால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டபின் மேல்முறையீடு கிடையாது. தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தீர்ப்பு வந்து 30 நாளில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி நிறைவேற்று மனு போடுங்கள். “இழப்பீடு தராத அரசுப் பேருந்து ஜப்தி” என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோமே, அது இப்படி ஒருவர் விடாமல் மனு போட்டதால் நடந்தது.